நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வர வேண்டுமானால்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த தொழில் வழிகாட்டல் கூட்டத்தில், பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



பசறை, லுணுகலைப் பக்கமிருந்து விடியக்காலையிலேயே பஸ் ஏறி, பிபிலை, மகா ஓயா, செங்கலடி என்று இறங்கி இங்கே வந்திருக்கிறீங்க. வழியெல்லாம் உங்கள் பேச்சு ஒன்றுதான்: "நாங்களும் விண்ணப்பம் போடுறோம் சார், ஒருத்தரும் கூப்பிடுறதில்லை." அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நேர்முகப் பரீட்சையில் எப்படிப் பதில் சொல்வது என்பது அடுத்த விஷயம். கூப்பிட்டால்தானே போய்ப் பேசலாம்!

விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு, எவ்வளவு நேர்மை என்று அவருக்குத் தெரியாது. மேசையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும்போது, எதைத் தள்ளிவைக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படித் தள்ளிவைக்க ஒரு காரணம்கூட நம் கடதாசியில் இருக்கக் கூடாது. இந்த வாவியில் மீன் பிடிக்கிறவர்களைப் பாருங்க. வலையைக் கரையில் வைத்துப் பொத்திய பிறகுதான் தோணியில் ஏறுகிறார்கள். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

முதலாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொரு பெயர் என்று நம் பிள்ளைகள் பலருக்கு இருக்கிறது. இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல காலம் கடதாசி இல்லாமலே வாழ்ந்த சமூகம் நாங்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் மிச்சமிருந்த பெருந்தொகையானோருக்குப் பிரஜாவுரிமைக்கு வழி பிறந்தது. ஆனால் வேலை தருகிறவர் இந்தச் சரித்திரத்தைப் பார்க்க மாட்டார். ஆகவே மூன்று கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தக் கேளுங்க. அதற்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, அதன் பிரதியை விண்ணப்பத்தோடு வையுங்க.

இரண்டாவது, கேட்டதைக் கொடுங்கள். விளம்பரத்தை மூன்று முறை வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் வரும் அரச வர்த்தமானியில் பதவி வெற்றிடங்கள் வரும். வயது, படிப்பு, முடிவுத் திகதி எல்லாம் அதிலேயே இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபாலிலேயே அனுப்புங்க. தபால் உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் அதை மறக்காதீங்க. பிரதி கேட்டால் பிரதி மட்டும்தான். மூலச் சான்றிதழ் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

பாசிக்குடா ஹோட்டலுக்கோ ஒரு கடைக்கோ எழுதும்போது, "எந்த வேலையும் செய்வேன்" என்று எழுதாதீங்க. அவர்கள் கேட்ட வேலைக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்க. கொழுந்து மடுவத்தில் நிறுவைக் கணக்கு எழுதியிருக்கிறீங்களா? பிள்ளை மடுவத்தில் உதவி செய்திருக்கிறீங்களா? கோயில் திருவிழாவுக்கு வரவு செலவு பார்த்தீங்களா? "இதெல்லாம் ஒரு அனுபவமா சார்?" என்று கேட்கிறீங்க. அனுபவம்தான். எந்த ஆண்டு, எத்தனை மாதம் என்று சேர்த்து எழுதுங்க. மேசன் வேலை, வயரிங், தையல் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், தெரிந்த தொழிலைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் விசாரியுங்க.

மூன்றாவது, முகவரி. பெற்றோர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் வேறு கடிதங்களோடு கிடந்து, பரீட்சை முடிந்து மூன்றாம் நாள்தான் அவள் கைக்குக் கிடைத்தது. அவள் விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லை. தெரிவு செய்துதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஆகவே டிவிஷன், லய இலக்கம், தோட்டம், தபால் நகரம் என்று முழு முகவரியும் எழுதுங்க. டவுனில் நம்பிக்கையான உறவினர் இருந்தால், அவரிடம் கேட்டு மே/பா என்று அவர் முகவரியைக் கொடுங்க. இரண்டு தொலைபேசி இலக்கம் கொடுங்க. பதில் வரும்வரை சிம்மை மாற்றாதீங்க. தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் வீட்டில் இருக்கிற அம்மா பயந்து வைத்துவிடக் கூடாது. யார், எந்த இடம், எந்தத் திகதி என்று மூன்றையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சில இடங்களில் கூப்பிடாமல் விடலாம். அமெரிக்காவில் பொஸ்ரன், சிக்காகோ நகரங்களில் ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களை வெள்ளையர் பெயரிலும் கறுப்பினத்தவர் பெயரிலும் அனுப்பிப் பார்த்து, 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளையர் பெயருக்கு ஏறத்தாழ 50 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. பெயரைப் பார்த்து ஒதுக்குகிற அநியாயம் பெரிய நாடுகளிலும் உண்டு. அதற்காகத் தோட்டத்தின் பெயரை மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். ஓரிடம் கூப்பிடவில்லை என்றால் உங்களுக்குத் தகுதி இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு கொப்பியில் எங்கே, எப்போது அனுப்பினோம் என்று எழுதிக்கொண்டு அடுத்ததைப் போடுங்க.

படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாங்க. அதற்காகத்தான் நான் சம்பளம் வாங்குறேன். ஆனால் முடிவுத் திகதிக்கு முதல் நாள் சாயந்தரம் கொண்டு வராதீங்க!