உயிருக்கும் ஓர் உயில்



எதிரணி நண்பர் தலைக்கூத்தலைச் சொன்னார். தென்மாவட்டத்துச் சில ஊர்கள்ல, படுக்கையில கிடக்கிற கிழவிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து அனுப்பி வைக்கிற கொடுமை. 'நீங்க கேக்கிற உரிமை அங்கேதான் கொண்டுபோய் விடும்'னார். ஐயா, அந்தக் கிழவியை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பேச வந்திருக்கேன்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய். இனிச் செய்ய ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா மூச்சுத் திணறினதும் பயந்துபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். தொண்டையில குழாய். பேச முடியாது. என் உள்ளங்கையில விரலால எழுதினாங்க: 'வீ'. அதுக்கு மேல விரல் நகரலை. மூத்த மகன் பேரு அந்த எழுத்துலதான் தொடங்கும். மும்பையில இருந்தவனை வரவழைச்சோம். அவனைப் பார்த்துட்டு, மறுபடியும் என் கையை இழுத்து அதே 'வீ'. நான் தமிழ்ல டாக்டர் பட்டம் வாங்கினவன் ஐயா! ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியலை. ஒன்பதாம் நாள் உடம்பைத்தான் கொண்டு வந்தோம். திண்ணையில இறக்கும்போதுதான் எனக்கு உறைச்சது... வீடு.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டு, மூளை பாதித்து, 2015 வரை படுக்கையில் கிடந்தார். 'விட்டுவிடலாம்' என்று ஓர் எழுத்தாளர் வழக்குப் போட்டார். 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள் மருத்துவமனை ஊழியர்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. ரெண்டு பக்கமும் பாசம்தான். அருணாவின் விருப்பம் என்னன்னு யாருக்குத் தெரியும்?

அதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு சொன்னதுதான் 2018 மார்ச் 9-ஆம் தேதி வந்த தீர்ப்பு. குணமாக வழியில்லைன்னா கருவியை மாட்டி என்னை இழுத்துப் பிடிக்காதீங்கன்னு புத்தி தெளிவா இருக்கும்போதே எழுதணும். 2023-ல் அதை எளிமையாக்கினாங்க. மாஜிஸ்திரேட் வேண்டாம், ரெண்டு சாட்சியும் ஒரு நோட்டரியும் போதும். அப்பவும் ரெண்டு மருத்துவக் குழு சம்மதிக்கணும். ஊசி போட்டுக் கொல்றது இன்னைக்கும் குற்றம்தான். தலைக்கூத்தல் இதுல எங்கே ஐயா நுழையும்? காணி நிலத்துக்கு உயில் எழுதுறவன் உயிருக்கு எழுதக் கூடாதா? (கைதட்டல்)

நான் எழுதிட்டேன். எனக்குப் பேச்சில்லாம போனா முடிவு சொல்ல வேண்டியது மகள்னு போட்டேன். வீட்டுல அம்மாவுக்குக் கோபம். "முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ நான். என் பேரு ஏன் இல்லை?"ன்னா.

"நீ என்னை விட மாட்டியே"ன்னேன்.

அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பேசலை.