பூங்காவுக்குள் 60 மாடி

கென்யாவின் தலைநகர் நைரோபியில் உஹுரு பூங்கா என்று ஒன்று. ஞாயிற்றுக்கிழமையானால் சாதாரணக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து புல்தரையில் உட்காரும் இடம். 1989-இல் அதற்குள் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளுங்கட்சி திட்டம் போட்டது. கூடவே அதிபர் டேனியல் அராப் மோய்க்கு ஒரு சிலை! சிலை இல்லாமல் நடக்குமா?

வங்காரி மாத்தாய் எதிர்த்தார். பின்னாளில், 2004-இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அப்போது அவர் கையில் இருந்தது பேனா மட்டும்தான். அரசு அலுவலகங்களுக்கு எழுதினார், பிரிட்டிஷ் தூதருக்கு எழுதினார். லண்டன் ஹைட் பூங்காவில் இப்படிக் கட்ட விடுவீர்களா என்று கேட்டார்.

நாடாளுமன்றத்தில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் விவாகரத்தானவர் என்பதையும் வம்புக்கு இழுத்தார்கள். கட்டடத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ! ஆண்களை மதித்து வாய்மூடி இருப்பதுதான் பெண்ணுக்கு மரபு என்றார் அதிபர். கட்டடத்தைத் தடுக்க அவர் தொடுத்த வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அவருடைய பசுமைப் பட்டை இயக்கத்தின் அலுவலகத்தையும் காலி செய்ய வைத்தார்கள். வீட்டிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

கட்டடத்துக்கான பணம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது. விஷயம் கடல் தாண்டியதும் பணம் போட இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். 1990-இல் திட்டம் கைவிடப்பட்டது.