டப்பாவில் எடுத்த போட்டோ

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னால பேசின அக்கா ஆடு வளர்ப்பு பத்திப் பேசினாங்க. அதுக்கு முன்னால மசாலாப் பொடி பத்திப் பேசினாங்க. ரெண்டிலும் வருமானம் உண்டு. நான் பேசப்போற விஷயத்தில் அஞ்சு பைசா வருமானம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். காலி டப்பாவில் காமிரா செய்து, அதில் போட்டோ எடுத்து, வீட்டிலேயே கழுவிப் பிரிண்ட் போடறதைப் பத்தித்தான் பேசப்போறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். பேச்சில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க அம்மா இறந்து ஏழு வருஷம் ஆச்சு. காரியத்துக்குப் படம் வைக்கணும்னு தேடினோம். வீட்டில் அம்மா படம் ஒண்ணுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த படம் கருத்துப்போய் ஆள் அடையாளமே தெரியலை. கடைசியில் அம்மா இருந்த குழுவில் கடன் வாங்கறதுக்காக எல்லாரையும் நிக்க வெச்சு எடுத்த படம் கிடைச்சது. பின் வரிசையில் அம்மா. முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணினோம். கண்ணும் மூக்கும் புள்ளி புள்ளியா கலைஞ்சு போச்சு. இன்னைக்கும் எங்க அண்ணன் வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

இப்பதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கே, போட்டோவுக்கா பஞ்சம்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஆனா எங்க வீட்டு போன் வீட்டுக்காரர் கையில இருக்கு. அந்த போன் கெட்டுப்போனப்போ அதிலிருந்த படமெல்லாம் அதோட போச்சு. காகிதத்தில் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லை. உங்கள்ல எத்தனை பேர் வீட்டில் அப்படின்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது "ஒளி நேர்கோட்டில் செல்லும்"னு ஒரு பாடம் வரும். ஊசித்துளை காமிரா படம் போட்டு பாகம் குறிக்கணும். நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். ஒரு வரிகூடப் புரிஞ்சு எழுதலை.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் வளைய சூரிய கிரகணம் வந்தது ஞாபகம் இருக்கா? நம்ம திண்டுக்கல் பக்கம் நல்லாத் தெரிஞ்சது. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருந்தாங்க. மாடு கத்துதேன்னு நான் வெளியே வந்தேன். வேப்பமரத்து நிழலில் தரை பூராவும் வளையல் வளையலா வெளிச்சம். வளையல்காரர் பெட்டியைக் கவிழ்த்துட்டுப் போன மாதிரி இருந்தது. பயந்துபோய் உள்ளே ஓடி வந்துட்டேன். ஏன் அப்படி வந்ததுன்னு சொல்ல அப்போ யாரும் இல்லை.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவளோட அறிவியல் டீச்சர் கோடை லீவில் பிள்ளைகளுக்கு டப்பா காமிரா செய்யச் சொல்லிக் கொடுத்தாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமையை உலகம் முழுக்க ஊசித்துளை காமிரா நாளா 2001-இல் இருந்து கொண்டாடுறாங்களாம். அதை ஒட்டித்தான் இந்த வகுப்பு. அம்மாக்களும் வரலாம்னு சொன்னதால் நானும் போனேன். அந்த வளையல் வெளிச்சத்தைப் பத்தி டீச்சர்கிட்ட கேட்டேன். "இலைக்கும் இலைக்கும் நடுவில் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளி ஒவ்வொண்ணும் ஒரு ஊசித்துளை. தரையில் நீங்க பார்த்தது சூரியனோட படம். சூரியன் அன்னைக்கு வளையமா இருந்தது, படமும் வளையமா விழுந்தது"ன்னாங்க. நம்ம ஓட்டு வீட்டில் ஓடு உடைஞ்ச இடம் கோணல்மாணலா இருந்தாலும் தரையில் விழற வெளிச்சம் வட்டக் காசு மாதிரி இருக்குமே, அதுவும் இதே கணக்குதான். ஹம்பியில் விருபாட்சர் கோயிலுக்குள்ளே ஒரு சின்னத் துளை வழியா ராஜகோபுரம் சுவரில் தலைகீழாத் தெரியுமாம். மேலே இருந்து வர்ற வெளிச்சம் துளை வழியா நேரா கீழே போகுது, கீழே இருந்து வர்றது மேலே போகுது. அதனாலதான் தலைகீழ். இருபது வருஷத்துக்கு முன்னால மனப்பாடம் செய்தது அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

காமிரா செய்யறது ரொம்ப சுலபம். மூடி நல்லா இறுகுற பால் பவுடர் டின் ஒண்ணு எடுத்துக்குங்க. குறுக்களவு 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். உள்பக்கமும் மூடியும் கரும்பலகைக்கு அடிக்கிற கருப்புப் பெயிண்ட் அடிச்சுக் காய வைக்கணும். மினுமினுக்கிற பெயிண்ட் ஆகாது, வெளிச்சம் உள்ளேயே துள்ளிப் படத்தைக் கெடுத்துடும். டின்னோட பக்கவாட்டில் நடுவில் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்க. கூல்டிரிங்ஸ் டப்பாவில் இருந்து ஒரு துண்டு தகடு வெட்டி, அட்டை மேல வெச்சு, மெல்லிய தையல் ஊசியோட முனையை மட்டும் இறக்கித் திருகணும். ஊசி முழுசா இறங்கிடக் கூடாது. துளை அரை மில்லிமீட்டருக்கும் கம்மியா இருக்கணும். பின்பக்கப் பிசிரை உப்புத்தாளால் தேய்ச்சுடுங்க. அந்தத் தகட்டை ஆணி ஓட்டைக்கு மேல ஒட்டி, துளை மேல கருப்பு டேப் ஒட்டினால் காமிரா தயார். அந்த டேப்தான் திறந்து மூடுற கதவு.

படம் பதியறதுக்கு கருப்பு வெள்ளை போட்டோ பேப்பர் வேணும். டவுனில் ஒரு பழைய ஸ்டுடியோவில் வருஷக்கணக்காக் கிடந்த பெட்டி ஒண்ணை 200 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. பழைய பேப்பர்னால ஓரமெல்லாம் கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி வரும். எனக்கு அது போதும். வெளிச்சத்தில் பிரிச்சால் பெட்டி முழுக்க வீண். எங்க வீட்டுச் சாமான் அறை ஜன்னலை அட்டையும் போர்வையும் வெச்சு அடைச்சு, சிவப்பு ஜீரோ வாட் பல்பு மாட்டினேன். அந்த சிவப்பு வெளிச்சம் இந்தப் பேப்பரைத் தொடாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு பேப்பர் மேல ஒரு காசை வெச்சு அஞ்சு நிமிஷம் விட்டுட்டுக் கழுவிப் பாருங்க. காசு இருந்த இடம் தனியாத் தெரிஞ்சால் அந்த பல்பு சரியில்லை. பேப்பரை டின்னுக்குள்ளே துளைக்கு எதிர்ப்பக்கம், பளபளப்பான முகம் துளையைப் பார்க்கிற மாதிரி வளைச்சு வெச்சு மூடணும்.

கழுவ மூணு தட்டு வேணும். முதல் தட்டில் இருக்கிறதைச் சொன்னால் சிரிப்பீங்க. காபிதான்! அரை லிட்டர் தண்ணியில் சலவை சோடாப் பொடி 25 கிராம், வைட்டமின் சி பொடி 8 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 20 கிராம், இதே வரிசையில் கரைக்கணும். ஆப்ப சோடா உதவாது, சலவை சோடாதான் வேணும். நாத்தம் குடலைப் பிடுங்கும். ஆனா மூணு நாலு நிமிஷத்தில் வெள்ளைப் பேப்பரில் படம் மெல்ல எழுந்து வரும். ரெண்டாவது தட்டில் வினிகர் கலந்த தண்ணி, அரை நிமிஷம். மூணாவது ஹைப்போ கரைசல், பத்து நிமிஷம். அதுக்கப்புறம் வெளிச்சம் பட்டாலும் படம் அழியாது. கடைசியில் வாளித் தண்ணியை மாத்தி மாத்தி அரை மணி நேரம் அலசி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடணும்.

அப்போ கிடைக்கிறது நெகட்டிவ். கருப்பு வெள்ளையாகவும், வெள்ளை கருப்பாகவும் இருக்கும். அதே சிவப்பு வெளிச்சத்தில் புதுப் பேப்பரை பளபளப்பு மேலே இருக்கும்படி வெச்சு, நெகட்டிவை அதன் மேல் முகத்தோடு முகம் கவிழ்த்து, மேலே கண்ணாடி வெச்சு அழுத்தி, டார்ச்சைச் சில செகண்ட் காட்டிட்டு மறுபடி மூணு தட்டிலும் போட்டு எடுத்தால் சரியான படம். எத்தனை செகண்ட்னு தெரிய, சின்னத் துண்டில் அட்டையை நகர்த்தி நகர்த்தி மூணு செகண்ட், ஆறு செகண்ட், ஒன்பது செகண்ட்னு பார்த்துக்கணும். தோசைக்கல் காய்ஞ்சதான்னு தண்ணி தெளிச்சுப் பார்க்கிற மாதிரிதான்.

முதல் நாலு படமும் எனக்குக் கெட்டுப்போச்சு. ரெண்டு முழுக்கக் கருப்பு. மூடி வழியா வெளிச்சம் புகுந்திருக்கு. மூடியைச் சுத்தி டேப் போட்ட பிறகு சரியாச்சு. ஒண்ணில் பேப்பரைத் திருப்பி வெச்சுட்டேன். இன்னொண்ணில் டின் காத்துக்கு ஆடிடுச்சு. அப்புறம்தான் மேலே ஒரு செங்கல்லை வைக்கக் கத்துக்கிட்டேன்.

அஞ்சாவது படம் எங்க அத்தை. என் மாமியாரைச் சொல்றேன். அவங்களுக்கு எழுபது வயசுக்கு மேல. படம் எடுத்தால் ஆயுசு குறையும்னு எப்பவும் முகத்தைத் திருப்பிக்குவாங்க. செல்போனைக் கண்டாலே முந்தானையை இழுத்து மூடிக்குவாங்க. பால் டப்பாவைப் பார்த்து அவங்களுக்குப் பயம் வரலை. "ஏத்தா, டப்பாவைக் காட்டிப் படம்ங்கிற, உனக்கென்ன கிறுக்கா?"ன்னு சிரிச்சுக்கிட்டே திண்ணைத் தூணில் சாய்ஞ்சு உட்கார்ந்தாங்க. நல்ல வெயிலில் இதுக்கு ஒரு நிமிஷம் வேணும். நிழல்னா அஞ்சு பத்து நிமிஷம்கூட ஆகும். அசையாம இருங்க அத்தைன்னுட்டு டேப்பை எடுத்து, ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன். இருபது எண்ணும்போது ஒரு கோழி குறுக்கே போச்சு. அத்தை அசையலை. கல்யாணம் ஆகி வந்த பதினேழு வருஷத்தில் நான் அவங்க முகத்தை ஒரு நிமிஷம் முழுசாப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டு வேலையிலும் சண்டையிலும் யாருக்கு அதுக்கெல்லாம் நேரம்?

சாமான் அறையில் தட்டை ஆட்டிக்கிட்டு நானும் மகளும் நின்னோம். முதல்ல தூண் வந்தது. அப்புறம் அத்தை. கோழியைக் காணோம்! ஓடுறது எதுவும் இந்தப் படத்தில் பதியாது, நிலையா இருக்கிறது மட்டும்தான் பதியும். பிரிண்ட் போட்டு, காய வெச்சு, அத்தை கையில் கொடுத்தேன். இந்தப் பேப்பருக்கு சிவப்பும் பழுப்பும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அத்தையோட சிவப்புச் சேலை கருப்பா விழுந்திருந்தது. முகமும் கொஞ்சம் கருத்து, சுருக்கம் எல்லாம் அழுத்தமா இருந்தது. திட்டுவாங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது எங்க ஆத்தா மூஞ்சி"ன்னாங்க. அவங்க அம்மாவுக்கும் படம் கிடையாது. அன்னைக்கு ராத்திரி அத்தை சாப்பிடவே இல்லை. படத்தைத் தலைமாட்டில் வெச்சுக்கிட்டுப் படுத்தாங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு அக்கா, "தவணை கட்ட வழியைப் பாரு, இதெல்லாம் சோறு போடுமா?"ன்னு கேட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், கேட்கிறது சரிதான். நான் கணக்கு நோட்டை எடுத்து வெச்சேன். பேப்பரோட சேர்த்து மொத்தச் செலவு 840 ரூபாய், வரவு இல்லைன்னு படிச்சேன். கடைசியில் அதே அக்காதான், "எங்க அம்மாவுக்கு எண்பது ஆச்சு, ஒரு நாள் அந்த டப்பாவைத் தூக்கிட்டு வர்றியா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. போனேன். அவங்களே டேப்பை எடுத்தாங்க, அவங்களே எண்ணினாங்க. அவங்க அம்மா படத்தை அவங்க கையாலேயே கழுவினாங்க. இப்போ எங்க குழுவில் பதினாலு பேரில் ஒன்பது பேர்கிட்ட சொந்த டின் இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. அந்தத் தட்டையும் கரண்டியையும் மறுபடி சமையலுக்கு எடுக்காதீங்க. சலவை சோடா கையை அரிக்கும், கையுறை போட்டுக்குங்க. பிள்ளைங்க கைக்கு எட்டாம வையுங்க. பழகின ஹைப்போவில் வெள்ளி கலந்திருக்கும், கிணறு, வாய்க்கால் பக்கம் ஊத்தக் கூடாது. நான் கேனில் சேர்த்து டீச்சர்கிட்ட கொடுத்துடறேன்.

சகோதரிகளே, பேங்க் பாஸ்புக்கில் ஒட்ட, கடன் ஃபைலில் வைக்க நம்மளை யாரோ நிக்க வெச்சு எடுத்த படம் நிறைய இருக்கு. நமக்காக நாமே எடுத்துக்கிட்ட படம் எத்தனை இருக்கு? கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணுதான். ஒவ்வொரு குழுவிலும் இருக்கிற வயசான உறுப்பினர்களோட முகத்தை, முகம் மட்டும் பெரிசாத் தெரியற மாதிரி, காகிதத்தில் ஒரு படமாவது எடுத்து வையுங்க. டப்பாவில் எடுக்கிறதா இருந்தால் சொல்லிக் கொடுக்க நான் வர்றேன், பஸ் காசுகூட வேண்டாம். செல்போனில் எடுத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டாலும் சரி. எப்படியோ, அடுத்த மாசம்னு தள்ளிப் போடாதீங்க. எங்க அம்மாவுக்கு நான் அப்படித்தான் தள்ளிப் போட்டேன்.