கன்று வீச்சு நோயும் கிராமக் குடும்பத்தின் வரவு செலவும்

(கால்நடைத் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்கேற்ற கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நமது நாட்டில் மாடுகள் 19 கோடியே 25 லட்சம். எருமைகள் ஏறத்தாழ 11 கோடி. வெள்ளாடுகள் ஏறத்தாழ 15 கோடி. இவற்றுள் மிகப் பெரும் பகுதி, ஒன்றோ இரண்டோ கறவை வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் வீட்டு முற்றங்களிலும் நிலமற்ற தொழிலாளரின் குடிசையோரங்களிலும் கட்டப்பட்டிருக்கிறது. நிலத்தைக் காட்டிலும் மாடு பரவலாகப் பங்கிடப்பட்ட செல்வம் என்பது பொருளாதார மாணவர் அறிந்த செய்தியே. அந்தப் பரவலே நோய்க்கும் பாதையாகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கால்நடை வழியாக மனிதனை அடையும் நோய்கள் பல. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயை உண்ணிகள் பரப்புகின்றன. காட்டினுள் மேயச் செல்லும் மாடுகள் அவ்வுண்ணிகளுக்கு இரையளித்து அவற்றின் பெருக்கத்துக்கு உதவுகின்றன. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், இறந்த மாட்டை அறுத்து உண்ணும் பழங்குடி மக்களிடையே அடைப்பான் நோய் திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது. ஆயினும், ஆரவாரமின்றி மிகப் பல குடும்பங்களைத் தொடக்கூடிய நோய் கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் ஆகும். இதற்குக் காரணமான கிருமியை 1887இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் கண்டார். மாடுகளில் கருச்சிதைவை விளைவிக்கும் வகையை 1897இல் டென்மார்க்கின் பாங் கண்டறிந்தார்.

சினையின் பிற்பகுதியில் மாடு கன்று வீசிவிடுவதே இந்நோயின் முதன்மையான அடையாளம். நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுவதும் உண்டு. அப்போது என்ன நடக்கிறது? மருத்துவ நிலையம் தொலைவில் இருக்கும். நேரமோ நள்ளிரவாக இருக்கும். வீட்டுப் பெரியவரோ, கைப்பழக்கம் உள்ள அண்டை வீட்டாரோ உறையின்றி வெறுங்கையாலேயே நஞ்சுக்கொடியை இழுத்து எடுக்கிறார். வீசிய கன்றும் நஞ்சுக்கொடியும் குப்பைமேட்டில் எறியப்படுகின்றன. நாய்கள் அவற்றைத் தெருவெங்கும் இழுத்துச் செல்கின்றன. கொட்டிலைக் கழுவுபவர் வீட்டுப் பெண்மணி. அந்த நீரிலும் திசுக்களிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன; குளிரும் ஈரமும் உள்ள நிழலில் அவை பல வாரங்கள் உயிர் வாழும். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் மாட்டை வீட்டின் ஒரு பகுதியிலேயே கட்டும் வழக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

பாலைக் காய்ச்சிக் குடிக்கும் நமது பழக்கம் பெரும் பாதுகாப்பு அளிக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பது உடலுக்கு வலிமை என்ற நம்பிக்கை சில பகுதிகளில் நிலவினாலும், நம் கிராமங்களில் ஆபத்து பெரிதும் கைவழியே வருகிறது. நகரத்தில் பதப்படுத்திய பாலை வாங்கிக் குடிப்பவர் காக்கப்படுகிறார். அந்தப் பாலை உற்பத்தி செய்து அனுப்பும் குடும்பமே ஆபத்தின் நடுவில் நிற்கிறது.

மனிதனிடம் இந்நோய் ஏறி இறங்கும் காய்ச்சலாகவும், இரவு வியர்வையாகவும், மூட்டு வலி, இடுப்பு வலியாகவும் தோன்றுகிறது. டைபாய்டு, மலேரியா, காசநோய் என்றெல்லாம் கருதி மருந்து கொடுக்கப்படுவதுண்டு. சரியாகக் கண்டறிந்தாலும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் உட்கொள்ள வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு ஆறு வாரம் என்பது சிறிய காலமன்று.

இனி, கன்று வீசிய மாட்டின் கதைக்கு வருவோம். பொருளாதாரம் பயின்றோர் கருத்துச் செலுத்த வேண்டிய இடம் இதுவே. கடன் வாங்கி வாங்கிய கலப்பினப் பசு கன்றை வீசிவிட்டது. கன்று போயிற்று, அந்த ஈற்றின் பால் குறைந்தது அல்லது இல்லாமலே போயிற்று, தீவனச் செலவும் வட்டியும் நிற்கவில்லை. கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் மாட்டின் இறப்புக்கே ஈடு தருகிறது, கருச்சிதைவுக்கு அன்று. எனவே அக்குடும்பம் பசுவைச் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறது. கன்று வீசிய செய்தியை வாங்குபவரிடம் சொன்னால் விலை சரியும், ஆகவே சொல்வதில்லை. தரகரும் கேட்பதில்லை. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாத சந்தையின் இயல்பை, பழைய மோட்டார் கார்களை உதாரணமாகக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் விளக்கினார். நமது மாட்டுச் சந்தை அதற்குக் குறைந்த உதாரணமன்று. ஒரு வேறுபாடு உண்டு: பழுதான கார் அடுத்த வீட்டுக் காரைக் கெடுப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நோயுற்ற மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கன்று வீசுகிறது. அடுத்த சினையில் ஒழுங்காகவே ஈன்றுவிடும். தொல்லை தீர்ந்தது என்று குடும்பம் நினைக்கிறது. கிருமியோ மடியில் தங்கியிருந்து பாலிலும், ஈனும்போது வெளிப்படும் நீரிலும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இது அறியாமை என்று எளிதில் சொல்லிவிடலாம். கண்ணால் கண்டதை நம்பிய விவசாயியின் கணக்கில் குற்றம் காண்பது அவ்வளவு எளிதன்று.

மேலைநாடுகள் பலவற்றில் நோயுற்ற மாடுகளைச் சோதித்துக் கண்டு, கொன்று, உரியவருக்கு ஈட்டுத்தொகை கொடுத்தே இந்நோயை ஒழித்தனர். நமது அரசியலமைப்பின் 48ஆவது பிரிவும் பல மாநிலங்களின் சட்டங்களும் பசுவதையைத் தடுப்பதால் அந்த வழி இங்கே திறந்திருக்கவில்லை. கோழிகளின் நிலை வேறு: 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, அழிக்கப்பட்ட கோழிகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. மாட்டைப் பொறுத்தவரை எஞ்சியிருப்பது தடுப்பூசியே.

2019 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரி நோயோடு கன்று வீச்சு நோயையும் எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செலவு முழுவதும் மத்திய அரசினுடையது. நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே ஒரு முறை ஊசி போட்டால் போதும். மாட்டு வெக்கை நோயை நாட்டைவிட்டே விரட்டிய அனுபவம் கால்நடைத் துறைக்கு உண்டு. 2006இல் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வெக்கையில் மாடு விவசாயியின் கண்ணெதிரே செத்தது. ஊசியின் பயன் உடனே தெரிந்தது. கன்று வீச்சு ஊசியின் பயனோ, கிடேரி வளர்ந்து சினைப்பட்டு ஈனும்போதுதான் தெரியும். மேலும், ஏற்கெனவே நோயைச் சுமக்கும் பெரிய மாடுகளை இவ்வூசி குணப்படுத்துவதில்லை. அவை மந்தையிலிருந்து கழியும் வரை பல ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் சந்தையே நோயைக் கொண்டு செல்லும்.

இவ்விடைக்காலத்துக்கான ஏற்பாடுதான் இன்னும் மெலிவாக இருக்கிறது. கன்று வீசியதைத் தெரிவிக்கும் குடும்பத்துக்கு இன்று கிடைப்பது என்ன? மாட்டின் விலைக் குறைவு ஒன்றே. தெரிவித்தால் கையுறையும் சுண்ணாம்பும் வரும், வீட்டாருக்கு இரத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படும், அந்த ஈற்றின் இழப்பில் ஒரு பகுதியைக் காப்பீடு ஏற்கும் என்ற நிலை வந்தால், மறைப்பதைக் காட்டிலும் சொல்வது ஆதாயமாகும். இதற்கு ஆகும் செலவைத் தடுப்பூசிச் செலவின் ஓர் அங்கமாகவே கருத வேண்டும். மாட்டின் காதிலுள்ள பன்னிரண்டு இலக்க எண் வில்லை, கடன் பெறவும் காப்பீட்டுக்கும் பயன்படுவது போலவே, விற்பனையின்போது மாட்டின் வரலாற்றைச் சொல்லவும் பயன்படலாம்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதில் இடமுண்டு. பல மாடுகளின் பசும்பாலை ஒன்றாகச் சேர்த்த பின், அதில் ஒரு சிறு மாதிரியை எடுத்துப் பால் வளையச் சோதனை செய்தால், அவ்வூரில் நோய் இருப்பதற்கான அறிகுறி தெரிந்துவிடும். எவர் வீட்டு மாடு என்று சுட்டாமலே ஊர் முழுவதையும் எச்சரிக்க இது உதவும். மானம் போகும் என்ற அச்சமும் இதில் குறைவு.

அலுவலர்கள் கவனிக்க வேண்டிய சிறு செய்தி ஒன்று உண்டு. கால்நடை மருந்தகத்தின் பதிவேட்டில் கன்று வீசிய மாட்டின் பெயரில் ஒரு வரி எழுதப்படுகிறது. சில வாரங்கள் கழித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அதே வீட்டுப் பெண்மணியின் விடாத காய்ச்சல் ஒரு வரியாகிறது. ஒன்றை எழுதியவர் மற்றொன்றைப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை இரு நிலையத்தாரும் அமர்ந்து தம் பதிவேடுகளை ஒத்துப் பார்ப்பதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை; மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.