எல்லைக்கோடு யாருக்காக?



ஒரே சர்க்காரின் கீழுள்ள ஒரு தேசத்தை ஜில்லாக்களாகப் பிரிப்பது யாருடைய சௌகரியத்திற்காக என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இதற்குப் பிரெஞ்சு தேசத்தின் கதையே போதுமானது.

1789-க்கு முன் அங்கே மாகாணங்கள் இருந்தன. மாகாணத்துக்கு மாகாணம் வழக்கம் வேறு, வரி வேறு, சலுகை வேறு. உப்பை மட்டும் பாருங்கள். பிரிட்டனி மாகாணத்தில் உப்புக்கு வரி கிடையாது. எல்லை தாண்டிப் பக்கத்து மேய்ன் மாகாணத்தில் கால் வைத்தால் கொடிய வரி. ராஜா ஒருவனே, உப்பும் ஒன்றே! ஆனால் இந்தப் பக்கத்து உப்பை அந்தப் பக்கம் கொண்டுபோன ஏழை குற்றவாளி! ஏன் என்று கேட்டால், "வெகுகால வழக்கம்" என்பதைத் தவிர வேறு பதில் உண்டா?

1789 ஆகஸ்டு 4-ந் தேதி இரவு தேசிய சபை இந்தச் சலுகைகளுக்கு முடிவு கட்டியது. 1790-ல் மாகாணங்கள் போய் 83 ஜில்லாக்கள் வந்தன. அவற்றிற்குப் பிரபுக்களின் பெயரையா வைத்தார்கள்? இல்லை. மார்ன் என்ற ஆற்றின் பெயர், ஜூரா என்ற மலையின் பெயர், இப்படியே வைத்தார்கள். தேசத்தைச் சதுரம் சதுரமாக வெட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஆறும் மலையும் ஊரும் காகிதத்துக்குக் கட்டுப்படுமா? அது தள்ளப்பட்டது. ஜில்லாவின் எந்த மூலையிலிருப்பவனும் ஒரு நாள் பிரயாணத்தில் தலைமை ஊரை அடைய வேண்டும் என்பதே அளவுகோலாயிற்று. இதுவல்லவா அறிவுக்குப் பொருத்தமான அளவுகோல்!

ஆனால் தோழர்களே, கோடு நேரானதால் மட்டும் ஆட்சி நேராகிவிடாது. 1800-ல் நெப்போலியன் ஜில்லாவுக்கு ஒரு அதிகாரியைப் பாரிஸிலிருந்து நியமித்தான். ஜனங்கள் பிற்காலத்தில் ஜில்லா சபையைத் தேர்ந்தெடுத்தும், அதன் தீர்மானத்தை நிறைவேற்றும் அதிகாரம் அவரிடமே இருந்தது. அது சபைத் தலைவர் கைக்கு வந்தது 1982-ல்தான்! அதாவது, வரி சமமாவதற்கு ஒரு புரட்சி போதுமாயிருந்தது. அதிகாரம் இறங்கி வருவதற்கு 182 வருஷம் வேண்டியிருந்தது.

2016-ல் பிரெஞ்சு தேசத்தின் ஐரோப்பியப் பகுதியிலுள்ள 22 பெரும் பிரதேசங்களை 13 ஆகச் சேர்த்தார்கள். தங்கள் பிரதேசம் மறைவதை அல்சாஸ்காரர்கள் ஆட்சேபித்தார்கள். 2021-ல் அங்குள்ள இரண்டு ஜில்லா சபைகளும் ஒரே சபையாயின.

ஆகவே எல்லை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் போட்ட கோட்டை மனிதன் மாற்றலாம். எந்தப் பிரிவினையைக் கண்டாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கச்சேரி எவ்வளவு தூரம்? கோட்டின் இருபுறமும் சட்டம் ஒன்றுதானா? அதிகாரியைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் பதில் சொல்லாத பிரிவினை, சர்க்காரின் சௌகரியமே தவிர ஜனங்களின் சௌகரியமாகாது.