வாரத்தில் மூன்று நாள்

(சங்கரன்கோவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தறிக்கூடத்து இரைச்சலைச் சற்றே மறந்து இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் ஊர் என்று ஆடித் தபசுக்கு அலை அலையாய் மக்கள் வருகிறார்களே, அந்த ஊர் இது. கடவுளர்க்குள் பேதமில்லை என்று காட்டிய ஊரிலே, நோயாளிகளுக்குள் இருக்கும் பேதத்தைப் பேச வந்திருக்கிறேன்.

சீமான் உடலிலும் சிறுநீரகம் இரண்டு. சேலை நெய்பவன் உடலிலும் இரண்டுதான். இயற்கை ஓரவஞ்சனை செய்யவில்லை. அவை பழுதுபட்ட மறுநாள்தான் ஓரவஞ்சனை தொடங்குகிறது!

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன், மருத்துவம் அறிந்தவனல்லன். நாடகக்காரன். ஆகவே காட்சியாகவே சொல்கிறேன்.

"டயாலிசிஸ் செய்யவேண்டும். வாரம் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்" என்கிறார் மருத்துவர்.

"செலவு எவ்வளவு ஐயா?"

"காப்பீட்டு அட்டை இருக்கிறதே, செலவில்லை."

நெசவாளியின் முகம் மலரவில்லை. "வாரத்தில் மூன்று நாள் தறி நின்றால், வீட்டில் உலை எப்படி ஐயா கொதிக்கும்?"

அந்தக் கேள்விக்கு மருத்துவரிடம் மருந்தில்லை. 2009-இல் தமிழகத்தில் மருத்துவக் காப்பீடு வந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். எத்தனையோ உயிர்களைக் காத்த திட்டம் அது. ஆனால், சிகிச்சைதான் இலவசம். வழிப்பயணம் இலவசமல்ல, இழந்த கூலியை ஈடு செய்வாருமில்லை. பெரிய மருத்துவமனை என்றால் நமக்குத் திருநெல்வேலி. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். உடன் செல்பவரின் கூலியும் அன்று போயிற்று. உள்ளவன் காரிலே சென்று மாலையில் கடைக்குத் திரும்புகிறான். இல்லாதவன் ஒரு முறை தவிர்க்கிறான், மறு முறையும் தவிர்க்கிறான். மூன்றாம் முறை, மூச்சுத்திணறலோடு அவனைத் தூக்கிச் செல்கிறார்கள்.

2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தரும் ஏற்பாடும் அதில் சேர்ந்தது. நல்ல வழி! ஆயினும் ஒன்று கேட்கிறேன். பை மாற்றத் தூய்மையான மூலை வேண்டும். இல்லையேல் வயிற்றுக்குள் கிருமி புகும். தறியும் படுக்கையும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. அந்த வீட்டில் தூய மூலை எங்கே? பையோடு மருத்துவம் நின்றுவிடலாகாது. வீட்டுவசதியும் அதன் பின்னே வரவேண்டும்.

இன்னொரு கொடுமை. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து செய்தி வந்தது: கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகத்தைத் தரகர்கள் பேரம் பேசினார்களாம்! உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. அவர்களும் நம்மைப்போல் தறி ஓட்டுபவர்கள், தோழர்களே! விற்றவன் கடன் தீர்ந்ததா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனுக்காக விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெரும்பாலோர் கடனாளிகளாகவே இருந்தனர். ஏழைக்குச் சிகிச்சை எட்டவில்லை. ஏழையின் உறுப்பு மட்டும் செல்வனுக்கு எட்டுகிறது!

தாய்மார்களே, உங்களிடம் ஒரு சொல். உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் ஈபவர்களில் இந்நாட்டில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தாயின் அன்பைப் போற்றுகிறேன். ஆனால் மகளுக்கு நோய் வந்தால் மகனுக்கு ஓடியதுபோல் ஓடுகிறோமா?

சிறுநீரகம் கெடுவது சத்தமின்றி. கால் வீங்கி வருபவனுக்குப் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்புமே முதற் பகைவர்கள். இரவெல்லாம் நின்று நெய்தவன், இடுப்புவலிக்கு நாள்தோறும் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையும் பகைவனே. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்; ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இல் அந்தச் சோதனையைத் தொடங்கினார்கள். பகலில் தறியை விட்டு அகல முடியாதவன் அங்கே எப்போது போவான்?

ஆகவே, தறிக்கூடத்து வாசலிலேயே சோதனை நடக்கவேண்டும் என்று மனு எழுதுவோம். கிளைத் தோழர்கள் தங்கள் தெருவில் எத்தனை தறி, நாற்பது வயதைக் கடந்தவர் எத்தனை பேர் என்று எழுதி வாருங்கள். எழுதிவிட்ட தோழர்கள் இப்போதே மேடைக்கு வரலாம்; என் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.