ஒரு துளி இரத்தம் என்ன சொல்லும்?



எங்கள் குளத்தூருக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்து, அங்குள்ள மன்னர் கல்லூரியில் ஆடவரோடு பயின்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1912ஆம் ஆண்டில் மருத்துவரானார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அப்பெருமாட்டியின் முயற்சியால், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. முற்றிய நிலையில் வருவோரைக் காப்பது அரிதென்பதை அந்நாளிலேயே மருத்துவர் அறிந்திருந்தனர்.

மார்பகப் புற்றுநோயை இரத்தத்தைக்கொண்டே முளையில் கண்டறிய இயலுமா என்பது இன்று அறிஞர் ஆராயும் வினா. உயிரணுக்கள் அழியும்போது அவற்றின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. துணுக்குகளாகி இரத்தத்திற் கலக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் மரபுப்பொருள் மிதப்பதை மாண்டேல், மெத்தே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் 1948இலேயே கண்டனர். புற்றுக்கட்டியிலிருந்து வந்த துணுக்கு, அக்கட்டிக்குரிய மாறுதலைத் தாங்கியிருக்கும். அதனைத் தேடிப் பிடிப்பதே ஆராய்ச்சியின் நோக்கம்.

இடர் யாதெனின், கட்டி சிறிதாயின் அது உதிர்க்கும் துணுக்கும் சிறிதே. நாம் எடுத்த இரத்தத்தில் அது ஒன்றுகூட அகப்படாது போகலாம். சி.ஏ. 15-3 என்னும் வேறொரு அடையாளப் பொருளோ, நோய் பரவியபின்பே பெரும்பாலும் மிகுகிறது. கல்லீரல் நோயிலும் மிகுவதுண்டு. ஆதலின், சிகிச்சையின் போக்கை அறியவே அது பயன்படுகிறது.

இனி ஒரு கணக்கு. கணக்கில்லாமல் என்னால் பேச இயலாது! ஆயிரம் பெண்களுள் ஐவருக்கு நோய் உண்டென்றும், நலமுடையோரில் நூற்றுக்கு ஐவரைச் சோதனை தவறாகச் சுட்டுமென்றும் கொள்ளுங்கள். நோயுற்ற ஐவரும் அகப்பட்டாலும், அவர்களோடு ஏறத்தாழ ஐம்பது பேர் வீணே அஞ்சி நடுங்குவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மதிப்பெண் தேர்வில் பெருமை, இங்கே போதாது.

ஆயின், அதுவரை வாளாவிருப்பதா? மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கி, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை இருபதாண்டுகள் ஆராய்ந்தனர். ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஈராண்டுக்கொருமுறை கையாலேயே சோதித்தனர். அவர்களிடம் நோய் முன்னதாகவே தெரியவந்தது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உடையோரில் இந்நோயால் நேர்ந்த சாவு ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தது. இம்முடிவு 2021இல் வெளிவந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டி தென்பட்டாலும் மறைத்துவிடுகின்றனர், வலியில்லையே என்பர். தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. முப்பது வயது கடந்த மகளிருக்கு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி இச்சோதனை செய்கின்றனர். தாயிடம் இதைச் சொல்ல நாணும் மாணவன் தமக்கையிடம் சொல்லட்டும், அவள் சொல்லிக்கொள்வாள்.